பாடத்துக்குப் படியளந்தவர்கள்

பாடம் சொல்பவருக்குப் படியளப்பது யார் என்ற கேள்வி திண்ணைப் பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்தே உண்டு. பாடம் இணையத்துக்குக் குடிபெயர்ந்தபோது அக்கேள்வியும் உடன் சென்றது. அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த விடைகள் கால் நூற்றாண்டுக்குள் மாறிய விதம் கவனிக்கத்தக்கது.

மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) அமைத்த குழு, இணையப் பாடத்தால் வருவாய் ஈட்டும் வழிகளைத்தான் முதலில் ஆராய்ந்தது. ஆராய்ந்தபின், கொடுத்துவிடுவதே மேல் என்ற முடிவுக்கு வந்தது. 2001 ஏப்ரலில் அறிவிப்பு வெளியாயிற்று. ஹ்யூலெட், மெல்லன் அறக்கட்டளைகள் இரண்டும் சேர்ந்து 1.1 கோடி டாலர் வழங்கின. பேராசிரியர்கள் தம் பாடக்குறிப்புகளை விரும்பியே அளித்தனர். எனினும் இலவசத்துக்கும் செலவு உண்டு. குறிப்புகளில் இடம்பெற்ற பிறருடைய படங்களுக்கும் பக்கங்களுக்கும் உரிமை கேட்டுப் பெறவேண்டும். கிடைக்காதவற்றை நீக்கவோ புதிதாக வரையவோ வேண்டும். இந்த ஓசையற்ற வேலைக்கும் பணம் தேவைப்பட்டது. 2007 இறுதிக்குள் 1,800 பாடங்கள் வெளிவந்தன.

2012இல் காட்சி மாறியது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் ஆண்ட்ரூ இங், டாஃப்னி கொல்லர் இருவரும் முதலீட்டாளர் பணத்தில் கோர்ஸெராவைத் தொடங்கினர். பல்கலைக்கழகங்கள் பாடங்களைத் தயாரித்துத் தந்து வருவாயில் பங்கு பெற்றன. அதே ஆண்டில் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் தலா 3 கோடி டாலர் இட்டு, இலாப நோக்கற்ற எட்எக்ஸை நிறுவின. ஆனால் கொடையை மட்டும் நம்பி அது நடைபோட இயலவில்லை. 2018 இறுதியில், மதிப்பெண் இடப்படும் பயிற்சிகள் பலவும் கட்டணம் செலுத்தியவருக்கே என்றாயின. 2021இல் எட்எக்ஸ், 80 கோடி டாலருக்கு டூயூ என்ற வணிக நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. விற்ற பணம் கல்விக்கான இலாப நோக்கற்ற அமைப்பொன்றைச் சேர்ந்தது. வாங்கிய நிறுவனமோ கடன்சுமை தாளாமல், 2024 ஜூலையில் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடியது.

ஒரே கழகம் பங்குகொண்ட இரு முயற்சிகள் இவை. முதலாவதன் பாடங்களை வணிக நோக்கின்றி எவரும் படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம் என உரிமத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆகவே கொடையாளர் விலகினாலும், தளமே கைமாறினாலும், ஒருமுறை பெற்றவரிடமிருந்து அப்பாடத்தைத் திரும்பப் பெற இயலாது. எட்எக்ஸின் பெரும்பாலான பாடங்களுக்கு இப்படியொரு உரிமம் இல்லை. அங்கே மாணவருக்குக் கிடைத்தது உள்ளே வர அனுமதி மட்டுமே. பொதுப்பணத்தையோ அறப்பணத்தையோ பாடங்களில் இடுவோர், எவ்வளவு தருகிறோம் என்பதோடு எந்த உரிமத்தின் கீழ்த் தருகிறோம் என்பதையும் முதலிலேயே தீர்மானிக்கவேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.