வைப்பின் கரையில் வாழும் தமிழிசை

கோட்டைக் கொச்சித் துறையில் படகேறினால் சில நிமிடங்களில் வைப்பின் கரையை அடைகிறோம். மாதா கோயிலையும் சீன வலைகளையும் கண்டு திரும்பும் நம்மில் எத்தனை பேர், அக்கரையில் தமிழ்ப் பாட்டு வாழ்வதை அறிவோம்? அதனைப் பேணி வருவோர் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட லத்தீன் கிறித்தவ மக்கள். அக்கலையின் பெயர் சவிட்டு நாடகம். பலகை மேடையில் தாளம் பிசகாது காலால் ஓங்கி மிதித்து ஆடுவதால் இப்பெயர் பெற்றது.

1503இல் போர்த்துக்கீசியர் கொச்சியில் கோட்டை கட்டினர். 1663இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். போர்த்துக்கீசியரோடு ஐரோப்பிய வீரக் கதைகளும் இக்கடற்கரைக்கு வந்தன. கி.பி. 800இல் உரோமையில் முடிசூடிய சார்லமேன் பேரரசரின் கதை, இங்கே 'காறல்மான் சரிதம்' ஆயிற்று. அதனை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி. தமிழகத்திலிருந்து வந்தவர் என்பது மரபு. நாடக ஆசிரியரை 'அண்ணாவி' என அழைப்பது நம் வழக்கமன்றோ!

இத்தாலியில் 1600ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய ஆபராவைப் போல, இங்கும் உரையாடல் பாட்டாகவே அமைகிறது. கதையும் முடியும் உடைவாளும் ஐரோப்பாவைச் சேர்ந்தவை. விருத்தமும் தமிழ் கலந்த மொழியும் நம்முடையவை. செண்டையும் இலைத்தாளமும் கேரளத்துக்குரியவை. பிற்காலத்தில் பிடிலும் சேர்ந்துகொண்டது.

இத்தகைய கலப்பு பிற நாடுகளிலும் உண்டு. நைஜீரியாவின் இக்போ இனத்து இசைப் புலவர் ஜோசுவா உசொயிக்வே (1946–2005), தம் மக்களின் முரசொலியைப் பியானோ இசையாக வடித்தார். அங்கே கற்றறிந்த ஒருவர் நாட்டார் இசையை மேனாட்டுக் கருவிக்குக் கொண்டு சென்றார். இங்கோ உழைக்கும் மக்களே மேனாட்டுக் கதையைத் தம் பாட்டுக்குள் கொண்டு வந்தனர். இதன் வரலாற்றைக் கோதுருத்தைச் சேர்ந்த செபீனா ராபி 1964இல் நூலாக்கினார்.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. ஆசான் சொல்லித்தர மனப்பாடம் செய்யும் அக்கரை இளைஞர் பலருக்குப் பழந்தமிழ்ச் சொற்களின் பொருள் விளங்குவதில்லை. நம் பிள்ளைகளோ வீட்டில் தமிழ் பேசியும், தமிழ்ப் பாட்டொன்றை முழுமையாகப் பாட அறியாமல் வளர்கின்றனர். அவர்களிடம் பாட்டு இருக்கிறது. நம்மிடம் பொருள் இருக்கிறது. இடையே இருப்பது ஒரு காயல் மட்டுமே. அடுத்த ஆண்டு விழாவுக்கு அக்கரைக் கலைஞரை அழைப்போம். அவர்கள் பாடட்டும், நம் முதியோர் பொருள் கூறட்டும், பிள்ளைகள் இரண்டையும் கற்கட்டும்.