வில்லையின் ஆயுளும் கமராவின் ஆயுளும்

கொழும்பு மருதானையிலுள்ள பஞ்சிகாவத்தையை அறியாத வாகனச் சொந்தக்காரர் மிகச் சிலரே. ஓடாத வண்டியைப் பிரித்து, ஓடும் வண்டிக்கு வேண்டிய உதிரிப்பாகத்தை விற்கும் இடம் அது. வண்டி மாண்டாலும் அதன் பற்சக்கரம் இன்னொரு வண்டியிலே வாழ்கின்றது. நேயர்களே, ஏறக்குறைய நூறாண்டு வயதுடைய ஒரு நிழற்படக் கருவியும் இன்று இவ்வழியிலேயே செல்கின்றது. ரேஞ்ச்பைண்டர் என வணிகர் வழங்கும் தூரங்காணிக் கமராவையே கூறுகின்றேன். அதற்கு இனிமேல் எத்தகைய சந்தை இருக்கும் என்பதை, அது வந்த வழியைக்கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

ஜேர்மனியின் வெற்சுலார் நகரிலே, நுணுக்குக்காட்டி செய்துவந்த லைற்ஸ் நிறுவனத்தில் ஒஸ்கார் பர்னாக் என்பார் உருவாக்கிய சிறிய கமரா, லைக்கா என்னும் பெயரோடு 1925 இல் சந்தைக்கு வந்தது. 1930 இல் அதன் வில்லையைக் கழற்றி மாற்றும் வசதி உண்டாயிற்று. தூரங்காணியை வில்லையோடு இணைத்த லைக்கா 1932 இல் வெளிவந்தது. சைஸ் நிறுவனத்தின் கொன்ரக்ஸ் என்னும் போட்டிக் கருவியும் அவ்வாண்டே தோன்றியது. கருவியின் நெற்றியிலே சிறு சாளரங்கள் உண்டு. அவற்றின் வழியே வரும் காட்சி கண்ணுக்கு இரட்டையாய்த் தெரியும். வில்லையைக் கையாலே திருப்பத் திருப்ப, உள்ளேயுள்ள நெம்புகோல் தூரங்காணியை அசைக்கும். இரு காட்சிகளும் ஒன்றன்மேலொன்று பொருந்துங் கணத்திலே தூரம் சரியாகிவிடும். கலைப்பட்டதாரியாகிய எனக்கும் விளங்கிய முக்கோணக் கணிதம் இது.

இப்புதுமை இலங்கையை எட்ட நெடுங்காலம் ஆகவில்லை. கொழும்பிலே பிறந்து, இசையிலும் நிழற்படக் கலையிலும் ஒருங்கே புகழ்பெற்ற லயனல் வென்ட், லைற்ஸ் நிறுவனத்தாரின் அழைப்பின்பேரில் 1938 இல் இலண்டன் கமராக் கழகத்திலே தம் படங்களைத் தனியே காட்சிக்கு வைத்தார். 1944 இல் அவர் காலமானபின் அவருடைய எதிர்ப்படங்கள் அழிக்கப்பட்டன. தாளிலே அவர் அச்சிட்டு வைத்த படங்களாலேயே இன்று அவரை அறிகின்றோம். கமராவுக்கு விலை பேசுவோர் பலர். அதனால் எடுத்த படத்தைப் பேணுவோர் அன்றும் அரியர், இன்றும் அரியர்.

1954 இல் லைக்கா எம் 3 வந்தது. திருகாணி முறையை விடுத்து, ஒரு திருப்பிலே வில்லையைப் பூட்டும் முறை அதிலே புகுந்தது. ஆயினும் பழைய வில்லைக்காரரை நிறுவனத்தார் கைவிட்டாரல்லர். வில்லை பொருந்தும் தளத்திலிருந்து படச்சுருள் வரையுள்ள தூரம் பழைய கருவியிலே 28.8 மில்லிமீற்றர், புதியதிலே 27.8. எனவே 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள வளையம் ஒன்று போதும். 1933 இன் வில்லை, பின்வந்த உடலிலும் பொருந்தும். ஒரு வில்லை பல உடல்களைக் கடந்து வாழ்வதற்கு வழிசெய்தது இச்சிறு வளையமே.

1959 இலே யப்பானிலிருந்து நிக்கோன் எப் வந்தபின் காற்று வேறு திசையில் வீசியது. வில்லை காணுங் காட்சியையே ஆடி வழியாகக் கண்ணுக்குக் காட்டும் கருவிகளை உலகம் விரும்பிற்று. நிக்கோனும் கனனும் தூரங்காணிக் கருவிகளைக் கைவிட்டன. லைக்காவே 1975 அளவில் இவ்வகையை நிறுத்திவிடும் நிலைக்கு வந்து, 1977 இல் கனடாவிலுள்ள தன் தொழிற்சாலையின் உதவியாலே அதனைப் பிழைக்கவைத்தது.

பின்னர் நிகழ்ந்ததோ எவரும் எதிர்பாராதது. 2008 ஐ அடுத்து ஆடியில்லாத எண்ணிமக் கமராக்கள் பெருகின. ஆடிக்கு இடம் விடவேண்டாமையால் அவற்றின் உடல் மெல்லியது. ஆகவே பழைய தூரங்காணி வில்லைகளை ஓர் இணைப்பு வளையத்தோடு எளிதிலே பூட்டலாம். அலுமாரியிலே உறங்கிய வில்லைகள் மீண்டும் தொழிலுக்கு வந்தன. யப்பானில் கொசினா நிறுவனத்தார் வொய்க்லாந்தர் என்னும் பெயரிலே புதிய வில்லைகள் செய்கின்றனர். சீன நிறுவனங்கள் மலிவான விலையிலே செய்கின்றன. ஆதலின் வில்லைக்கு வருங்காலம் உண்டு என்பதே என் துணிபு.

படச்சுருள் இடும் உடலைப்பற்றி அவ்வளவு துணிந்து கூறல் இயலாது. கொடக்குறோம் சுருளின் உற்பத்தி 2009 இல் முடிந்தது. 2012 இல் கொடக் நிறுவனமே கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. மறுபுறம், 2002 இல் நிறுத்திய எம் 6 கருவியை லைக்கா 2022 இல் மீளவும் வெளியிட்டது. அவ்வாண்டே பர்னாக் தாமே கையாண்ட 1923 ஆம் ஆண்டுக் கருவி 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. இவ்வேலத்தைக் கண்டு தம் வீட்டுக் கமராவுக்கும் கோடி எண்ணுவோர் ஏமாறுவர். உடலை வாழவைப்பது ஏலமன்று. சுருளும், பழுதுபார்க்கும் கையுமே.

நம் நாட்டிலே இக்குறை இன்னுங் கூர்மையானது. 1960 களிலிருந்து 1977 வரை, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டாலே புதிய கருவி பெறுதல் அரிதாயிற்று. உள்ளதைத் திருத்தித் திருத்தியே ஓட்டினர். 2022 இலே 200 ரூபா அளவிலிருந்த டொலர் சில வாரங்களில் 350 ஐத் தாண்டியது. சுருள் வாங்க எண்ணிய இளைஞர் கை சுருங்கிற்று. போதாக்குறைக்குக் கடற்காற்று வேறு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அலுமாரிக்குள் அடைத்துவைத்த வில்லையிலே, சிலந்திவலைபோலப் பூஞ்சணம் படரும். முற்றினால் கண்ணாடியையே அரித்துவிடும். துணியாலான திரையுள்ள கருவியை, வில்லையை மூடாது வெயிலிலே வைத்தால், குவிந்த ஒளி திரையைப் பொசுக்கித் துளையிடும்.

பாட்டனார் வைத்துச்சென்ற கருவி எவர் வீட்டிலேனும் இருப்பின், கேட்ட விலைக்கு உடனே கொடுத்துவிடற்க. முதலில் வில்லையைக் கழற்றி, விளக்கொளியிலே ஊடுருவிப் பாருங்கள். அடுத்து, அது லைக்காதானா என்று காணுங்கள். கார்க்கிவ் நகரிலே 1934 முதல் செய்த பெட் கருவியும், பின்வந்த சோர்க்கியும் லைக்காவைப் பார்த்துச் செய்தவை; அவற்றுட் பல, பின்னாளிலே லைக்கா என்னும் பெயர் பொறிக்கப்பட்டு விலைப்பட்டன. வில்லையைக் கழற்றியதும் உள்ளே மேற்புறமாக நோக்குக. தூரங்காணியை அசைக்கும் நெம்புகோலின் நுனியிலே சிறு உருளை இருப்பின் லைக்காவாகலாம். ஆப்புப் போன்ற தகடு இருப்பின் அது பெரும்பாலும் சோவியத் நாட்டுக் கருவியே.