கொல்லிமலைச் சாலை

கொல்லிமலைச் சாலை என்பது தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்தையும் கொல்லிமலையின் மேலுள்ள சோளக்காடு, செம்மேடு ஆகிய ஊர்களையும் இணைக்கும் மலைப்பாதை ஆகும். இது 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் இத்தகைய வளைவுகள் 20 உள்ளன.

அமைவிடம்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். 1997ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இது சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளியை அடையலாம்.

அமைப்பு

நாமக்கல் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்திலும், மலையின் மேற்பரப்பு 1,000 மீட்டருக்கு மேலும் உள்ளன. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்ற சரிவில் 800 மீட்டர் ஏறுவதற்கு 16 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை தேவைப்படும். செங்குத்தான மலைச்சரிவில் அந்நீளத்தைப் பெறுவதற்காகவே சாலை மீண்டும் மீண்டும் மடக்கி அமைக்கப்பட்டுள்ளது. வளைவுகள் தோறும் எண் பலகைகள் உள்ளன.

பாதுகாப்பு

இறங்கும்போது பிரேக்கை இடைவிடாது அழுத்தினால் உராய்வினால் வெப்பம் மிகுந்து அதன் பிடிப்பு குறையும். எனவே தாழ்ந்த கியரில், எஞ்சினின் தடையைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துவது அவசியமாகும். இந்தியச் சாலை விதிகளின்படி, இரு வண்டிகள் எளிதில் கடக்க இயலாத இடத்தில், ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும்.

மக்களும் பயன்பாடும்

இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர் ஆவர். (இப்பெயர் மலைவாழ் மக்களைக் குறிக்கும், கேரள மக்களை அன்று.) மிளகு, காப்பி, பலா, வாழை, அன்னாசி ஆகியவை இங்கு விளைகின்றன. விளைபொருள்கள் சந்தைக்குச் செல்வதற்கும், நோயாளிகள் சமவெளியிலுள்ள பெரிய மருத்துவமனைகளை அடைவதற்கும் மலைப்பாதையே வழியாகும். ஆகவே மழைக்காலத்தில் மண்ணோ மரமோ சரிந்து பாதை அடைபட்டால், சுற்றுலாப் பயணிகளைவிட மலைவாழ் மக்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர்.

அறப்பளீசுவரர் கோயில், ஆகாயகங்கை அருவி ஆகியவற்றைக் காணப் பயணிகள் வருகின்றனர். கடையெழு வள்ளல்களுள் ஒருவரான வல்வில் ஓரியின் நினைவாக ஆடி மாதத்தில் இங்கு விழா நடைபெறுகிறது.

ஒப்பீடு

தமிழ் வம்சாவளியினர் வாழும் ரீயூனியன் தீவில், சிலாவோசு மலையூருக்குச் செல்லும் சாலை நானூறு வளைவுகளின் சாலை என அழைக்கப்படுகிறது. அத்தீவு எரிமலையால் உருவானது. கொல்லிமலையோ சார்னோக்கைட்டு எனும் மிகப் பழைய பாறையால் ஆனது. தோற்றம் வேறாயினும், செங்குத்தான சரிவில் ஏறுவதற்கு இரண்டிடங்களிலும் சாலை வளைந்தே செல்கிறது.

இவற்றையும் பார்க்க: ஏற்காடு, சேர்வராயன் மலை, வல்வில் ஓரி