கயிறு திரித்த கதை

1942-இல் அமெரிக்க வேளாண் துறை 14 நிமிடப் படம் ஒன்றை எடுத்தது. பெயர் 'வெற்றிக்கு ஹெம்ப்'. விதைப்பு, அறுவடை, நாரெடுப்பு என எல்லாவற்றையும் உழவர்களுக்குக் கற்றுக்கொடுத்த படம் அது. அந்தச் செடியை முடக்கிய சட்டம் வந்து அப்போது ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இரண்டு வேளையிலும் அதிபர் ரூஸ்வெல்ட்தான்.

ஹெம்ப், சாக்கு நெய்யும் நம்மூர்ச் சணல் அல்ல; பசுந்தாள் உரமாக மடக்கி உழும் சணப்பும் அல்ல. கஞ்சாவின் இனமேதான். ஆனால் போதை தரும் டி.எச்.சி. இதில் பெயருக்குத்தான் இருக்கும். புகைத்தால் தலைவலிதான் மிச்சம்.

பாய்மரக் காலத்தில் இந்த நார் இல்லாமல் கப்பல் நகராது. 1619-லேயே வர்ஜீனியா சட்டமன்றம், விதை கையில் இருந்தவர்கள் கட்டாயம் விதைக்க வேண்டும் என்றது. ஜார்ஜ் வாஷிங்டனும் தம் பண்ணையில் பயிரிட்டார். 19ஆம் நூற்றாண்டில் கென்டக்கி மாநிலம் இதன் தாயகம்போல் ஆனது. அங்கே தண்டை முறித்து நாரெடுத்த கைகள் பெரும்பாலும் கறுப்பின அடிமைகளுடையவை. அந்த நாரில் பெரும்பங்கு தெற்கே போய்ப் பருத்திப் பொதிகளைக் கட்டியது. அடிமைகள் பறித்த பருத்திக்கு அடிமைகள் எடுத்த நாரில் கட்டு!

நார் போக மிஞ்சும் சக்கையும் வீணில்லை. அதிலிருந்து காகிதம் செய்யலாம் என்று 1916-இல் வேளாண் துறை அறிக்கை வெளியிட்டது. ஓர் ஏக்கர் ஹெம்ப் நான்கு ஏக்கர் காட்டுக்கு ஈடாகும் என்று கணக்கும் சொன்னது.

1937-இல் வந்த மரிஹுவானா வரிச் சட்டம் பயிரை நேரடியாகத் தடை செய்யவில்லை. பதிவு, வரி, தண்டனை என்று வேலி போட்டது. பறவைத் தீவன வியாபாரிகள் முறையிட்டதால், முளைக்காதபடி பக்குவம் செய்த விதைக்கு விலக்கு கிடைத்தது. உழவரைவிட கேனரிக் குருவிக்கு யோகம்! பத்திரிகை முதலாளிகளும் வேதிப்பொருள் நிறுவனங்களும் செய்த சதி இது என்று இன்றும் சிலர் கயிறு திரிப்பதுண்டு. சான்று மெலிது. மலிவான இறக்குமதி நார்களால் பயிர் முன்பே மெலிந்திருந்தது என்பதே உண்மை.

பிறகு ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்தது. கப்பல் கயிற்றுக்கான மணிலா நார் நின்றது. போதைச் செடி ஒரே இரவில் தேசபக்திச் செடியானது. அரசே 42 ஆலைகள் கட்டியது. போர் முடிந்ததும் ஒப்பந்தங்களும் முடிந்தன. விஸ்கான்சினில் கடைசி வணிக அறுவடை நடந்தது 1950களின் இறுதியில். 'வெற்றிக்கு ஹெம்ப்' என்றொரு படத்தையே எடுக்கவில்லை என்று வேளாண் துறை பின்னாளில் சாதித்தது. 1989-இல் ஆர்வலர்கள் பிரதிகளைத் தேடியெடுத்து காங்கிரஸ் நூலகத்திடம் கொடுத்தார்கள்.

1970-இன் போதைப்பொருள் சட்டம் நாரையும் போதையையும் ஒரே பட்டியலில் அடைத்தது. 2018-இன் பண்ணைச் சட்டம்தான் கதவைத் திறந்தது. கென்டக்கி செனட்டர் மெக்கானல் தம் மாநில ஹெம்பில் செய்த பேனாவால் அதன் கூட்டுக்குழு அறிக்கையில் கையெழுத்திட்டார். டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் பயிர், மீறினால் கஞ்சா. இந்த எல்லை 1976-இல் தாவரவியலாளர்கள் எர்னஸ்ட் ஸ்மாலும் ஆர்தர் க்ரான்க்விஸ்டும் செடியை வகைப்படுத்த வரைந்த கோடு. தன்னிச்சையாக வைத்துக்கொண்ட எண் என்று அவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆய்வகச் சோதனை அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால், விளைந்து நிற்கும் வயலை இன்றும் மடக்கி உழ வேண்டி வரலாம்.