பாலி இலக்கணம்: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

என்னைவிட நான்கு வயது இளைய நண்பர் ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். அவரும் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். 2024 அக்டோபரில் மத்திய அரசு பாலிக்குச் செம்மொழித் தகுதி கொடுத்ததிலிருந்தே அவருக்கு அந்த மொழி மேல் ஒரு கண். "அண்ணாச்சி, தம்மபதத்தை மூலத்துலயே படிக்கணும்னு ஆசையா இருக்கு. எந்த இலக்கணப் புத்தகம் வாங்கட்டும்?" என்று கேட்டார்.

எங்கள் வயதில் தவறான புத்தகத்தை எடுத்தால் போவது பணம் அல்ல, காலம். நான் அப்படி ஓராண்டைத் தொலைத்தவன்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஓய்வுக்குப் பின் வாசுதேவநல்லூரில் குடியேறிய பிறகு பாலி ஆசை வந்தது. எமில் செனார் 1871-இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வெளியிட்ட கச்சாயனர் இலக்கணத்தை, பிரெஞ்சு தெரியும் என்ற கர்வத்தில், இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்துக்கொண்டேன். இன்று கிடைக்கும் பாலி இலக்கணங்களில் மிகப் பழையது கச்சாயனம்தான். ஏறத்தாழ 675 சூத்திரங்கள், தொடக்கமே சந்தி. ஓராண்டு முடிவில் சந்தி விதிகள் தெரிந்தன, ஒரு வாக்கியம் படிக்கத் தெரியவில்லை. நன்னூலை மனப்பாடம் செய்துவிட்டுத் தமிழில் கடிதம் எழுதத் தெரியாமல் நிற்பவன் கதைதான்.

இந்தத் தொல்லை எனக்கு மட்டும் வந்ததல்ல என்று பிறகு தெரிந்தது. கச்சாயனத்தைக் கற்பவருக்கு ஏற்றபடி பிரித்து அடுக்கிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் நம் சோழநாட்டுத் துறவி புத்தப்பியர். அவருக்குச் சோழிய தீபங்கரர் என்றும் பெயர். அவர் காலம் 13-ஆம் நூற்றாண்டு என்று பலர் கொள்வர். அவர் எழுதியது ரூபசித்தி. ஒரு சொல் எப்படி உருவாகிறது என்று படிப்படியாகக் காட்டும் முறையில், சூத்திரங்களை வரிசை மாற்றி வைத்தார். நூலின் முடிவில் தம்மை ஆனந்த தேரரின் மாணவர் என்றும், தமிழ் மண்ணில் விளக்காகப் பெயர் பெற்றவர் என்றும் சொல்லிக்கொள்கிறார். தம் ஆசிரியரைத் தம்பபண்ணியின் கொடி என்று போற்றுகிறார். தம்பபண்ணி என்பது இலங்கை. குற்றாலத்துச் சிற்றாறு போய்ச் சேரும் தாமிரபரணியின் பெயரும் அதுவே.

ஐரோப்பியரும் சுருக்க நூலைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். 1824-இல் கொழும்பில் பாதிரியார் பெஞ்சமின் கிளஃப் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு அடிப்படை பாலாவதாரம். அதுவும் கச்சாயனத்தைச் சுருக்கிய கற்பவர் நூல்தான். பாரிசில் யூஜீன் பூர்னூஃப், கிறிஸ்தியன் லாசன் என்ற இரண்டு இளைஞர்கள் ஏட்டுச்சுவடிகளை வைத்துக்கொண்டு 1826-இல் பாலி பற்றிய கட்டுரை நூலை வெளியிட்டார்கள். அதன் சில பகுதிகள் குறித்து மறு ஆண்டே பூர்னூஃப் இலக்கணக் குறிப்புகளைத் தனியாக எழுதவேண்டி வந்தது. அவ்வளவு பெரிய அறிஞருக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்?

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன வரிசை இதுதான். முதலில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த லிலி டி சில்வா எழுதிய பாலி பிரைமர். 32 சிறு பாடங்கள், எல்லாம் வாக்கியப் பயிற்சி. அது முடிந்ததும் ஏ. கே. வார்டரின் 1963-ஆம் ஆண்டு நூல். அதில் திக நிகாயத்தின் நடையே பாடமாகிறது. சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்க, சார்லஸ் துரோய்செல் 1906-இல் ரங்கூனில் வெளியிட்ட இலக்கணம். பிறப்பால் பிரெஞ்சுக்காரரானாலும் அவர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். அகராதிக்கு, பாலி நூற் கழகம் 1921 முதல் 1925 வரை வெளியிட்டது. சூத்திரங்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு விஷயம் சேர்த்துச் சொன்னேன். பாலிக்கென்று தனி எழுத்து இல்லை. சிங்களம், பர்மியம், தாய், தேவநாகரி, ரோமன் எல்லாவற்றிலும் அச்சாகிறது. தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டால் க-வில் நான்கு ஒலியும் ஒன்றாகிவிடும். ஆகவே புள்ளியும் கோடும் இட்ட ரோமன் எழுத்தை முதல் வாரமே பழகிவிட வேண்டும்.

மற்றது நமக்குச் சாதகமானது. கந்த்வா என்றால் சென்று, சுத்வா என்றால் கேட்டு, திஸ்வா என்றால் கண்டு. பாலி வாக்கியம் இப்படி வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் வினைமுற்றில் நிற்கும். ஒருவர் சொன்னதை முடித்து வைக்கும் 'இதி' நம்முடைய 'என்று'தான். வேற்றுமையும் எட்டு. இதையே பிரெஞ்சில் சொல்லப் போனால் ஒவ்வொரு எச்சத்துக்கும் இரண்டு மூன்று சொல் வேண்டும். பிரெஞ்சு வழியாகப் பாலிக்குள் போக முயன்றது வீட்டுக்குள்ளேயே இருக்கும் கதவை விட்டுவிட்டு ஊரைச் சுற்றி வந்தது போல என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

நண்பர் நேற்றுத் தொலைபேசியில் பேசினார். மூன்றாம் பாடம் நடக்கிறதாம். நான் இப்போது வார்டரில் பதினெட்டாம் பாடத்தில் இருக்கிறேன். அதை முடித்துவிட்டு ரூபசித்தியைத் தொடவேண்டும். சோழநாட்டுக்காரர் எழுதியதைச் சோழநாட்டுக் காரைக்காலில் பிறந்தவன் ஒரு முறையாவது படித்துவிட வேண்டும் அல்லவா?