கொழுப்பில் எழும் கனலும் அது தணியும் வகையும்

காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிடுகிறது. சற்று நேரத்தில் அவ்விடம் சிவக்கிறது, சூடேறுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. சிவப்பு, வெப்பம், வீக்கம், வலி என்னும் இந்நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக உரோமாபுரியின் செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். இந்நான்கையும் ஏவிவிடுவது எது? இவ்வினாவுக்கு விடை கிடைக்க ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. விடையின் பெரும்பகுதி, நாம் உண்ணும் எண்ணெயிலும் கொழுப்பிலும் மறைந்து கிடந்தது என்பதே இவ்வரலாற்றின் வியப்பு.

கொழுப்பு உடலுக்கு எரிபொருள் மட்டுமே என்று ஒரு காலத்தில் அறிஞர் கருதினர். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு நிகழ்த்திய ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் 1929-இல் அக்கருத்தை அசைத்தனர். கொழுப்பை அறவே நீக்கிய உணவைத் தின்ற எலிகளின் தோல் செதிள் செதிளாக உரிந்தது, வால் புண்பட்டது, வளர்ச்சி நின்றது. லினோலிக் அமிலத்தைச் சிறிதளவு கொடுத்ததும் அவை தேறின. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத கொழுப்பு அமிலங்களும் உண்டு என்பது அப்போது தெளிவாயிற்று. ஆனால் அவை உடலுக்குள் என்ன பணி செய்கின்றன என்பது புலப்படவில்லை.

அதே காலத்தில், வேறொரு திசையில், சுவீடன் நாட்டு உல்ஃப் வான் ஆய்லர் விந்துநீரில் ஒரு பொருளைக் கண்டார். அது தசையைச் சுருக்கியது. இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தியது. புராஸ்டேட் சுரப்பியில் பிறப்பது என்று எண்ணி, 1935-இல் அதற்குப் 'புராஸ்டகிளாண்டின்' என்று பெயரிட்டார். எண்ணம் பிழையானது, பெயரோ நிலைத்துவிட்டது. அதே நாட்டு சுனே பெர்க்ஸ்ட்ரம் அதனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். 1964-இல் அவரும், ஹாலந்து நாட்டு வான் டார்ப்பும் தனித்தனியே ஓர் உண்மையை நிறுவினர். இருபது கரியணுக்களைக் கொண்ட அராகிடோனிக் அமிலத்திலிருந்தே புராஸ்டகிளாண்டின் பிறக்கிறது. அவ்வமிலத்தை உடல் லினோலிக் அமிலத்திலிருந்து ஆக்கிக்கொள்கிறது. பர் தம்பதியரின் எலிகள் எழுப்பிய வினாவுக்கு ஒரு பங்கு விடை இவ்வாறு கிடைத்தது.

இனி, நம் இல்லங்களில் அறிமுகமான ஒரு மாத்திரையைப் பார்ப்போம். ஆஸ்பிரின் 1899-இல் விற்பனைக்கு வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் உலகமே அதை விழுங்கியது. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை மட்டும் யாரும் அறியவில்லை. 1971-இல் இலண்டனில் ஜான் வேன், புராஸ்டகிளாண்டின் உண்டாவதையே ஆஸ்பிரின் தடுக்கிறது என்று காட்டினார். அதே ஆண்டில் ஸ்மித், வில்லிஸ் என்னும் இருவர் மனித இரத்தத்தின் தட்டணுக்களிலும் அவ்வாறே நிகழ்வதைக் கண்டனர். தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆதலால் ஆஸ்பிரின் முடக்கிவிட்ட நொதியை அது மீண்டும் ஆக்கிக்கொள்ள இயலாது. அந்த அணு வாழும் ஒரு வாரம் பத்து நாள் வரையிலும் முடக்கம் நீடிக்கிறது. இரத்தம் எளிதில் உறையாமல் இருப்பதற்கும், அளவு மீறினால் குருதி கசிவதற்கும் காரணம் இதுவே. வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் புராஸ்டகிளாண்டினே. ஆகவேதான் ஆஸ்பிரின் சிலருக்கு வயிற்றைப் புண்ணாக்குகிறது.

வெள்ளணுக்களின் கதை இதனினும் சுவையானது. 1938-இல் ஆஸ்திரேலியாவில் ஃபெல்ட்பர்க், கெல்லவே என்னும் ஆய்வாளர், நாகத்தின் நஞ்சைச் செலுத்திய நுரையீரலிலிருந்து, தசையை மெல்ல மெல்லச் சுருக்கும் ஒரு பொருள் வெளிப்படுவதைக் கண்டனர். அது என்னவென்று நாற்பது ஆண்டுகள் தெரியவில்லை. 1979-இல் சுவீடனில் பெங்ட் சாமுவேல்சன் குழுவினர், வெள்ளணுக்கள் அராகிடோனிக் அமிலத்தைக் கொண்டு ஆக்கும் பொருள்களுக்கு 'லூக்கோட்ரையீன்' என்று பெயரிட்டனர். பழைய மர்மப் பொருளும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழலை நெரிப்பது இக்குடும்பத்தில் சில. காயம்பட்ட இடத்துக்கு வெள்ளணுப் படையை அழைப்பது வேறொன்று. பெர்க்ஸ்ட்ரம், சாமுவேல்சன், வேன் மூவரும் 1982-இல் நோபல் பரிசு பெற்றனர்.

படையை அழைப்பவரைக் கண்டோம்; படையைத் திருப்பி அனுப்புபவர் யார்? 1984-இல் சார்லஸ் செர்ஹான், சாமுவேல்சன் முதலியோர் மனித வெள்ளணுக்களிலேயே 'லிப்பாக்சின்' என்னும் பொருளைக் கண்டனர். பின்னர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 அமிலங்களிலிருந்து பிறக்கும் 'ரிசால்வின்'களைச் செர்ஹான் குழுவினர் அறிவித்தனர். இவை அழற்சியைத் தணிக்கும் பொருள்கள். தீ தானே அவிந்துபோவதில்லை. அதை அவிக்கவும் உடல் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. மூட்டுவதும் அவிப்பதும் கொழுப்பு அமிலங்களின் வழித்தோன்றல்களே.

தமிழகத்தை விட்டு வந்து வாழும் நம் சமையலறைகளில், நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகெண்ணெயும் இடம்பெற்றுவிட்டது. முன்னதில் லினோலிக் அமிலம் மிகுதி. பின்னதில் ஒமேகா-3 இனத்தைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் உண்டு. ஆயினும் பின்னதிலிருந்து மீன் எண்ணெயின் அமிலங்களை நம் உடல் சிறிதளவே ஆக்கிக்கொள்கிறது; மத்தி மீன் அவற்றை நேராகவே தருகிறது. இதனால் எண்ணெயை மாற்றினால் நோய் மாறும் என்று துணிந்துவிடலாகாது. மீன் எண்ணெய் மாத்திரைகளைக் கொண்டு நடந்த பெரிய சோதனைகளின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

ஒன்றை மட்டும் உறுதியாகக் கொள்ளலாம். அழற்சி நமக்குப் பகையன்று, காவல். காவலன் கடமை முடிந்தும் விலகாதபோதுதான் துன்பம். ஆகவே காய்ச்சல் கண்டவுடன் கைக்கு எட்டிய ஆஸ்பிரினை விழுங்கும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைகின்றன. எஞ்சியவற்றையும் முடக்கினால் குருதிப்போக்கு உயிருக்கே உலையாகலாம். ஒரு மாத்திரைக்குள் இத்தனை பேர் உழைப்பும் இத்தனை நுட்பமும் அடங்கியிருக்கின்றன என்பதை அறிந்தவர், அதை மருத்துவரைக் கேளாமல் வாயிலிடமாட்டார்.