மாமல்லன் ஏன் சிவகாமியைக் கட்டிக்கலை?

2020இல் விஜய் டிவியின் 'பாரதி கண்ணம்மா'வில், கண்ணம்மா வயிற்றில் பிள்ளையோடும் தோளில் ஒரு பையோடும் புருஷன் வீட்டை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தாள். நடந்தாள். மறுநாளும் நடந்தாள். அதற்கு மறுநாளும். தமிழ்நாடே அவளை வைத்து மீம் போட்டது. நிலாவில் நடந்தாள், பாலைவனத்தில் நடந்தாள், வேறு படங்களின் சண்டைக்காட்சிகளுக்குக் குறுக்கே புகுந்து நடந்தாள். இவ்வளவுக்கும் காரணம், பிறக்கப்போகும் குழந்தை தன்னுடையது இல்லை என்ற பாரதியின் சந்தேகம். பாரதி ஒரு டாக்டர். "ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா முடிஞ்சுதேடா" என்று வருஷக்கணக்காக ஜனங்கள் டிவியைப் பார்த்துக் கத்தினார்கள்.

சிரித்தாயிற்று. ஆனால் அந்தத் தலைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். 1997இல் சேரன் எடுத்த முதல் படத்தின் பெயரும் 'பாரதி கண்ணம்மா'தான். பண்ணை வீட்டுப் பெண்ணும் அங்கே வேலை செய்யும் தாழ்த்தப்பட்ட சாதிப் பையனும். சிதையில் போய் முடிகிற காதல். 2019இல் அதே பெயரோடு சீரியல் வந்தபோது மாமியாரின் ஆட்சேபம் சாதி பற்றியது இல்லை, நிறம் பற்றியது. மருமகள் கறுப்பு. சீரியல் ஒரு மலையாளத் தொடரின் ரீமேக், படத்துக்கும் அதற்கும் கதை உறவு கிடையாது, தெரியும். இருந்தாலும் பெயரை எடுத்துக்கொண்ட கை, சுவரை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது.

நம்முடைய தொடர்களில் விலக்கப்பட்ட காதலை எது விலக்குகிறது, கடைசியில் அந்தத் தடை என்ன ஆகிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் டிவிக்கு முன்னால், வாரப் பத்திரிகைக்குப் போய் நின்றது. இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர்தானே, தொடர்.

'சிவகாமியின் சபதம்' கல்கி இதழில் 1944 முதல் 1946 வரை வந்தது. கதைக்கான விதை மாமல்லபுரம் கடற்கரையில், ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது விழுந்ததாகக் கல்கியே முன்னுரையில் சொல்கிறார். பல்லவ இளவரசன் நரசிம்மவர்மன், அதாவது மாமல்லன். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி, ஆடற்கலையில் நிகரில்லாதவள். இருவரும் விரும்புகிறார்கள். மகேந்திர சக்கரவர்த்திக்கு அவள் ஆட்டத்தின் மேல் உயிர், ஆனால் அவளை மருமகளாகப் பார்க்க முடியவில்லை. பிறகு புலிகேசியின் படையெடுப்பு, முற்றுகை. சிவகாமி வாதாபிக்குச் சிறை போகிறாள். மாமல்லன் வந்து இந்த நகரத்தைக் கொளுத்தித் தன்னை மீட்கும்வரை வெளியேற மாட்டேன் என்கிறாள். அவன் மாறுவேடத்தில் வந்து கூப்பிடும்போதும் சபதத்தை விடவில்லை. ஒன்பது வருஷம் காத்திருக்கிறாள். கண்ணம்மாவின் நடையெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

வாதாபி எரிகிறது. காஞ்சிக்குத் திரும்பிய பிறகுதான் மாமல்லனுக்குப் பாண்டிய இளவரசியோடு கல்யாணம் ஆகிவிட்டது, குழந்தைகளும் உண்டு என்று அவளுக்குத் தெரிகிறது. கடைசியில் ஏகாம்பரநாதருக்கே தன்னைக் கொடுத்துவிட்டு, அப்பர் பதிகத்துக்கு அவர் சந்நிதியில் ஆடுகிறாள். நான்காம் பாகத்துக்கு 'சிதைந்த கனவு' என்று கல்கி பெயர் வைத்திருக்கிறார். முன்னாடியே எச்சரித்திருக்கிறார் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பெரியம்மா செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் இருக்கிறார். இந்தக் கதையைப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணின புத்தகத்தில், பதினெட்டு வயதில் படித்தவர். எழுபதைத் தாண்டியும் கோபம் ஆறவில்லை. "ஏன்டா, அவ்ளோ பக்கம் படிக்க வெச்சுட்டு கடைசியில சாமிக்குக் கட்டி வெச்சுட்டாரே. அந்தத் தாலியை மாமல்லன் கையால வாங்கிக் குடுக்க அவருக்கு மனசு வரலியா?"

"சரித்திரம் பெரியம்மா, அவர் என்ன பண்ணுவார்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மசியவில்லை. யோசித்தால் அவர் கேட்பதுதான் நியாயம். சரித்திரம் கல்கியின் கையைக் கட்டின இடங்கள் உண்டு. கி.பி. 642இல் வாதாபி விழுந்தது. வாதாபிப் பாறையில் நரசிம்மவர்மனின் பெயர் இருக்கிறது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியை அவன் முறியடித்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. மணிமங்கலம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்தான். அவனுக்குப் பின் இரண்டாம் மகேந்திரவர்மன் என்ற மகன் பட்டத்துக்கு வந்தான். இவ்வளவையும் மாற்ற முடியாது. ஆனால் சிவகாமி முழுக்க முழுக்கக் கற்பனை. கற்பனைப் பெண்ணை எங்கே வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம், அரியணையில்கூட.

இதை இன்னும் உறுத்தலாக்குகிறது 'பார்த்திபன் கனவு'. கல்கி அதை முதலில் எழுதிவிட்டார், 1941 முதல் 1943 வரை. கதைக்காலத்தில் அது பிந்தியது. அதில் மாமல்லனின் மகள் குந்தவி, சோழ இளவரசன் விக்கிரமனைக் காதலிக்கிறாள். அவன் அப்பா பல்லவனோடு போரிட்டுச் செத்தவர். இவனோ ராஜத்துரோகக் குற்றத்தில் நாடு கடத்தப்பட்டவன். திரும்பி வந்தால் தலை போகும். ஆனாலும் ரத்தின வியாபாரியாக வேஷம் போட்டு மாமல்லபுரத்தில் வந்து இறங்குகிறான். கேட்கும்போது இதைவிடப் பெரிய தடை இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் அந்தக் கல்யாணம் நடக்கிறது! பெண்ணின் அப்பாவே சிவனடியார் வேஷத்தில் திரிந்து வழி பண்ணிக் கொடுக்கிறார்.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரிகிறது. பகை மன்னிக்கப்படுகிறது. துரோகம் மன்னிக்கப்படுகிறது. இரண்டு பக்கமும் ராஜ ரத்தம் இருந்தால் போதும். சிவகாமி யாருக்கும் பகையில்லை, ஒரு குற்றமும் செய்யவில்லை. சிற்பி மகள், ஆடுகிறவள். அது மட்டும் மன்னிக்கப்படவில்லை.

இதில் கல்கியை வெறும் பழமைவாதி என்று முடித்துவிட முடியாது. அவர் சிறை சென்ற காங்கிரஸ்காரர், 'தியாக பூமி' எழுதியவர். அதைவிட முக்கியம், அவருடைய பத்திரிகை வீட்டிலேயே இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருந்தது. கல்கி இதழை அவரோடு சேர்ந்து தொடங்கியவர் டி. சதாசிவம், பிராமணர். எம்.எஸ். சுப்புலட்சுமி மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகள், தேவதாசி மரபில் வந்தவர். இருவருக்கும் 1940இல் கல்யாணம் நடந்தது. நடந்த இடம் திருநீர்மலை, இன்றைய செங்கல்பட்டு மாவட்டம். மறு வருஷம் 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். நாரதராக நடித்துக் கிடைத்த பணம்தான் பத்திரிகை தொடங்கக் கைகொடுத்தது. கலைக் குடும்பத்துப் பெண் வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டு, அவள் சம்பாத்தியத்தில் ஓடத் தொடங்கிய பத்திரிகையில், கலைக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் மறுக்கப்படும் கதை வாராவாரம் வந்துகொண்டிருந்தது!

ஏன் என்று கேட்டால் என்னால் ஊகம்தான் சொல்ல முடியும். தொடர் நடத்துகிறவர் வீட்டில் நடப்பதை எழுதுவதில்லை. வாங்குகிற வீடுகள் எதைத் தாங்கும் என்று பார்த்து எழுதுகிறார். திருநீர்மலையில் நடந்தது ஒரு கல்யாணம், அதில் இரண்டு பேர் தைரியம் போதும். மாமல்லன் சிவகாமியைக் கட்டினால் அதை ஆயிரக்கணக்கான கூடங்களில் அப்பாக்கள் உரக்கப் படித்தாக வேண்டும்.

கல்கி பொய் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும். சுவர் இருக்கிறது, அதில் மோதி ஒரு பெண் உடைந்தாள் என்று காட்டிவிடுகிறார். என் குறை வேறு. உடைந்ததன் மேல் பக்தியைப் பூசிவிட்டார். ஆடுகிற பெண்ணைத் தெய்வத்துக்குக் கொடுப்பது ஒரு காவிய முடிவு மாதிரி தெரிகிறது. ஆனால் முத்துலட்சுமி ரெட்டி அதை ஒழிக்க 1930இலேயே சட்டசபையில் மசோதா கொண்டுவந்திருந்தார். கதை முடிந்த அடுத்த வருஷம், 1947இல், சென்னை மாகாணம் பொட்டுக்கட்டுவதைச் சட்டப்படி தடை செய்தது. பெரியம்மாவின் "சாமிக்குக் கட்டி வெச்சுட்டாரே" அந்தச் சட்டத்தைத் தெரிந்து வந்த வார்த்தை இல்லை. சரியான இடத்தில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

டிவிக்காரர்கள் இதைவிடச் சுலபமான வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பணக்கார வீட்டுப் பையன், ஏழைப் பெண், ஐந்நூறு எபிசோட் எதிர்ப்பு. பிறகு ஒரு நாள் பழைய போட்டோவோ டாலரோ கிடைக்கும். அந்தப் பெண் உண்மையில் காணாமல் போன பெரிய வீட்டு வாரிசு! மாமியார் அழுது அணைத்துக்கொள்வார். சுவரை யாரும் இடிக்கவில்லை, பெண்ணைச் சுவருக்கு அந்தப் பக்கத்தவளாக ஆக்கிவிட்டார்கள். பார்க்கிறவர்களின் எரிச்சலை 'சீரியல் ஜவ்வு மாதிரி இழுக்குது' என்று நாம் மொழிபெயர்த்துவிடுகிறோம். இழுப்பது மட்டும்தான் குறை என்றால் ஒன்பது வருஷம் காக்க வைத்த கல்கியை யாரும் மறுபடி படித்திருக்க மாட்டார்கள். பெரியம்மா ஐந்து தடவை படித்திருக்கிறார்.

சாதி என்ற வார்த்தையைச் சீரியல் ஏன் தொடுவதில்லை என்பதற்கும் பதில் இதே கடற்கரையில் கிடக்கிறது. 2012, 2013இல் மாமல்லபுரத்தில் ஒரு சாதிச் சங்கத்தின் சித்திரை முழுநிலவு விழா நடந்தது. சாதி தாண்டிய காதல் கல்யாணங்களுக்கு எதிராக அந்த மேடையில் பேசினார்கள். இரண்டு விழாக்களுக்கும் நடுவே, 2012 நவம்பர் 7 அன்று, ஒரு காதல் கல்யாணத்தைக் காரணமாக வைத்துத் தர்மபுரி நத்தம் காலனியில் தலித் வீடுகள் கொளுத்தப்பட்டன. 2013 ஏப்ரல் 25 அன்று விழாவுக்குக் கூட்டம் போகும் வழியில் மரக்காணத்தில் மோதல். வீடுகள் எரிந்தன, உயிர்களும் போயின. தொடர் எழுதுகிறவர் எந்த வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறார் என்று மேலே சொன்னேனே, அந்த வீடுகளில் இவையும் உண்டு.

பாரதிக்கு டி.என்.ஏ. டெஸ்ட் ஒருவழியாக வந்து சேர்ந்தது. குழந்தைகள் அவனுடையவைதான், உலகத்துக்கே தெரிந்த விஷயம். 2023 பிப்ரவரியில் சீரியல் முடிந்தது. அதே மாதம் இரண்டாம் பாகம் புதுக் கதையோடு தொடங்கியது. "இதுல இன்னாத்துக்குக் கட்டி வெக்க மாட்டேங்கறாங்கன்னு பாக்கலாம்" என்று பெரியம்மா ரிமோட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.